பைக் ஏறியது, நான் ஏறவில்லை

சரவணனின் பைக் எங்கள் வீட்டு வாசலில் புதிதாகக் கட்டிய சரிவில் ஒரே மூச்சில் ஏறியது. நிலைவாசலைத் தாண்டி நடு ஹாலில் போய் நின்றது.

முந்தின வாரம் பதித்த டைல்ஸில் டயர் தடம் பட்டை பட்டையாக விழுந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. தெருவே கை தட்டியது. என் தம்பி பாண்டி விசிலடித்தான். என் வீட்டுக்காரர் முருகேசன் கல்யாணத்தன்றுகூட அப்படி வாய் நிறையச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"மதினி, பாத்தீகளா! இம்புட்டு வெயிட்டு வண்டியே ஏறிருச்சு. உங்க வண்டியெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றான் சரவணன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல். கப்பலூரில் என் வீட்டுக்காரரோடு ஒரே கம்பெனியில் வெல்டராக இருப்பவன். கொத்தனார் வேலையும் தெரியும். சரிவு அவன் கைவேலை.

நான் என் வண்டியில், அதாவது சக்கர நாற்காலியில், தெருவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரச் சிமெண்ட் வாசனை, பக்கத்து வீட்டில் நெய்ச்சோறு தாளிக்கும் வாசனை, பைக் கக்கிய புகை. மூன்றும் கலந்து மூக்கில் ஏறின. வயிறு பசித்தது. அடுத்து என் முறை.

அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போன வாரம் இந்தத் தொடரை ஆஸ்பத்திரிக் கதையோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கோரிப்பாளையம் சந்திப்பில் ஒரு மழை நாளில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தேன். முதுகெலும்பில் அடி. அன்றிலிருந்து கால்கள் இரண்டும் நான் சொல்வதைக் கேட்பதில்லை. அழுகையெல்லாம் போன வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம் வீட்டு வேலை.

பார்சல்

விபத்துக்கு முன்னால் நான் ஒரு லாரி செட்டில் பார்சல் புக்கிங் பார்த்தேன். மூட்டையைப் பார்த்ததும் எடை சொல்வேன். 'உடையும் பொருள்' என்று ஒட்டிய பெட்டியைத் தொப்பென்று போடும் ஆட்களைத் திட்டித் திட்டியே என் தொண்டை பெரிதானது. அப்படிப்பட்ட நான் கடைசியில் வீட்டில் ஒரு பார்சல் ஆனேன்.

எங்கள் வீடு கோரிப்பாளையத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது. வாசலில் படிகள், அதற்கு மேல் உயரமான நிலைப்படி. வெளியே போக வேண்டுமென்றால் யாராவது தூக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு இடுப்புவலி. ஆகவே அந்த உத்தியோகம் சோழவந்தானிலிருந்து வரும் என் தம்பி பாண்டிக்குப் போனது.

பாண்டிக்குக் கொடிக்கால் வேலை. வெற்றிலை மூட்டை தூக்கித் தூக்கி உரம் ஏறிய தோள். "அக்கா, கையப் போடு" என்பான். கழுத்தில் கையைப் போட்டால் அலுங்காமல் தூக்கி ஆட்டோவில் வைப்பான். ஆஸ்பத்திரிக்கு, கல்யாண வீட்டுக்கு, கோயிலுக்கு என்று எங்கே போனாலும் அவன்தான். அவன் வராத நாளில் நான் வீட்டோடு.

ஒரு நாள் சாயங்காலம் தெருவில் பருத்திப்பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார். அத்தை, அதாவது என் மாமியார், உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் நிலைப்படி வரைக்கும் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, "அண்ணே, அண்ணே" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. மணிச் சத்தம் முக்குத் திரும்பிப் போய்விட்டது. பருத்திப்பால் போனால் போகட்டும். என் வீட்டு வாசலைத் தாண்ட எனக்கு இன்னொருவர் தோள் வேண்டும் என்பதுதான் அன்றைக்கு உறைத்தது.

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏங்க, எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம். யாரு கையும் படாம நானா வெளிய போகணும், நானாத் திரும்பி வரணும். அதுக்கு இந்த வீட்ட என்ன செய்யணுமோ செய்யுங்க."

அவர் எழுந்துபோய் வாசல் விளக்கைப் போட்டுப் படிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் சரவணன் அளவெடுக்கும் டேப்போடு வந்தான்.

பாண்டிக்குத்தான் முகம் சுண்டிவிட்டது. "நான் தூக்குறது வலிக்குதாக்கா?" என்று கேட்டான். இல்லையடா என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அத்தையின் தீர்ப்பு

முதல் சண்டை நிலைப்படியில் வந்தது.

எங்கள் வீட்டு நிலை தேக்கு. கீழ்க்கட்டை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் அத்தை அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார். அதன்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது, உட்காரக் கூடாது. அங்கே நின்று தும்மினால்கூட ஒரு முறை உள்ளே வந்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

இந்தக் கட்டையை அறுக்கத்தான் சரவணன் ரம்பத்தோடு வந்தான். அத்தை இரண்டு கையையும் விரித்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"வாசப்படிய அறுத்த வீடு வெளங்குமாடா?"

"அம்மா, தனம் போகவர வேணாமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"போகட்டும். ராசாத்தியாப் போகட்டும். படிய அறுக்காமப் போகட்டும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மரக்கட்டை பெரிதா, நான் பெரிதா? அத்தையோடு பேச்சை நிறுத்தினேன். வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் வைத்த குழம்பை நானும் நான் முறைத்ததை அவரும் எப்படியோ விழுங்கிக்கொண்டு சில நாள் ஓட்டினோம்.

அப்புறம் ஒரு காலையில் காபியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, அத்தை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏ தனம், படியக் கீழ எறக்க வேணாம்னுதான சொல்றேன். தரைய மேல ஏத்துனா என்ன?"

எனக்குக் காபி புரையேறியது.

"ஹாலு முச்சூடும் படி ஒசரத்துக்கு ஏத்திரச் சொல்லு. படியும் அது எடத்துல இருக்கும், ஒன் வண்டியும் போகும்."

"அப்ப சக்கரம் படிய மிதிக்குமே அத்த?"

அத்தை கொஞ்சம் யோசித்தார். "மிதிக்க அதுக்குக் காலா இருக்கு? உருண்டு போகும். உருளுறது மிதிக்கிறதுல சேராது" என்றார்.

எந்தக் கோர்ட்டிலும் இப்படி ஒரு தீர்ப்பு வந்திருக்காது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

இப்படித்தான் ஒரு வாசலைச் சரிசெய்யப்போய் வீடு முழுக்கப் பிரிக்க வேண்டியதாயிற்று. ஹால் தரையையும் உள் அறைகளின் தரையையும் ஒரு சாண் ஏற்றினோம். உள் அறைகளின் கதவுகள் தரையில் இடித்தன. அவற்றின் அடியை அறுத்தார்கள். உள் கதவுகளுக்கு மஞ்சள் குங்குமம் கிடையாது என்பதால் அத்தை கண்டுகொள்ளவில்லை. சுவிட்சுகள் எல்லாம் என் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிட்டன. இனி நெட்டையான சொந்தக்காரர்கள்தான் குனிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகள்

வேலையெல்லாம் ஞாயிறுகளில்தான். மற்ற நாட்களில் ஆண்கள் இருவருக்கும் கப்பலூரில் கம்பெனி.

காலையில் முதல் பஸ்ஸில் பாண்டி வருவான். மடியில் ஈரத்துணி சுற்றிய வெற்றிலைக் கட்டு இருக்கும். சரவணன் கலவை போடுவான், பாண்டி சட்டி சட்டியாகச் சுமப்பான், என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் நடுவில் நின்று எல்லாருக்கும் இடைஞ்சலாக இருப்பார். நான் சும்மா இருப்பேனா? வண்டியில் உட்கார்ந்தால் தரை கண்ணுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. "அந்த மூலையில ஒரு டைல்ஸ் தூக்கிருக்கு" என்பேன். சரவணன் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே பெயர்ப்பான்.

"மதினி, கப்பலூர்ல எங்க சூப்பர்வைசர்கூட இம்புட்டு நொட்டை சொல்ல மாட்டாரு."

"அங்க போயி ஒனக்கு நல்ல பேரு வாங்கித் தரவா? பெயர்த்துட்டு ஒழுங்காப் பதி."

மதியச் சாப்பாட்டுக்குப் போட்டி நடக்கும். அத்தை அயிரை மீன் குழம்பு வைத்தால், பக்கத்து வீட்டு ஜெய்னம்பு அக்கா நெய்ச்சோறும் தால்சாவும் கொண்டுவருவார். அக்காவின் வீட்டுக்காரர் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அவர் ஒரு பச்சையைச் சொல்வார், அக்கா வேறொரு பச்சையைச் சொல்வார். அவர்கள் வீட்டுச் சண்டையை எங்கள் வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அக்காவின் பச்சைதான் ஜெயித்தது. நெய்ச்சோறு யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத்தானே ஓட்டு விழும்.

தலைமுடி எல்லாம் சிமெண்ட், நகக்கண்ணெல்லாம் பெயிண்ட். கையைக் கழுவாமலே பாண்டி சோற்றில் கை வைப்பான், அத்தை அகப்பையால் அடிப்பார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இவ்வளவு சத்தம் நான் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று எனக்கு உள்ளுக்குள் ஆசையாக இருந்தது.

படியை அறுக்காமல் தரையை ஏற்றியதில் வாசல் சரிவு இன்னும் ஒரு சாண் உயரம் ஏற வேண்டியதாயிற்று. அது மட்டும் எங்களில் ஒருத்தர் மண்டைக்கும் ஏறவில்லை.

என் முறை

இப்போது அந்தப் பைக் ஞாயிறுக்கு வருவோம்.

பைக்கை ஓரங்கட்டினார்கள். நான் சக்கரங்களைப் பிடித்தேன்.  ஒரு தள்ளு, இரண்டு தள்ளு. முன் சக்கரம் சரிவில் ஏறியது. பாதி தூரம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டேன். அதற்கு மேல் தோள் கேட்கவில்லை. வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. உள்ளங்கை எரிய, சக்கரம் வழுக்கி, நான் பின்னாலேயே சரசரவென்று தெருவுக்கு வந்துகொண்டிருந்தேன்.

பாண்டி பாய்ந்து பிடித்தான்.

 என்ன தப்பு நடந்தது என்று எல்லாருக்கும் ஒரே சமயத்தில் புரிந்துவிட்டது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் வாசலில் ஒரு சரிவு உண்டு. ராத்திரி பைக்கை உள்ளே ஏற்றி நிறுத்துவதற்காகக் கட்டியது. குட்டையாக, செங்குத்தாக இருக்கும். சரிவு என்றாலே எங்களுக்கெல்லாம் கண்ணில் நிற்பது அதுதான். சரவணன் அந்தக் கணக்கிலேயே கட்டி, அந்தக் கணக்கிலேயே சோதித்தும் பார்த்திருந்தான். கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

"இதுல நான் எப்படிடா ஏறுறது? கியர் போட்டா?" என்றேன். சிரிக்கவைக்கத்தான் சொன்னேன். குரல் உடைந்துவிட்டது.

"விடுக்கா. பின்னாடி நான் ஒரு கை குடுக்கிறேன், ஏறிரலாம்" என்றான் பாண்டி.

"அந்த ஒரு கை வேணாம்னுதானடா இம்புட்டு வேலையும்!"

கத்திவிட்டேன். தெருவில் அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதேன். இத்தனை ஞாயிறு, இத்தனை பேர் உழைப்பு, அத்தனையும் போட்டு மறுபடியும் நான் பார்சலாகத்தான் என் வீட்டுக்குள் போக வேண்டுமா? பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். சரவணன் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"நாளைக்கே இதப் பேத்துருவோம் மதினி" என்றான்.

"பேத்துட்டு?" என்றார் என் வீட்டுக்காரர்.



பலகையும் கயிறும்

பதில் பாண்டியிடமிருந்து வந்தது. நான் கத்தியதில் ரோஷம் வந்திருக்க வேண்டும். கிடந்த சென்ட்ரிங் பலகைகளை இழுத்துவந்து, வாசல் மட்டத்திலிருந்து தெருவை நோக்கிச் செங்கல் முட்டுக்கொடுத்து வைத்தான்.

"ஏறிப் பாருக்கா. ஏற முடியலைன்னா சொல்லு, நீட்டிக்கிட்டே போவோம்."

ஏறினேன். முடியவில்லை. இன்னொரு பலகை போட்டு நீட்டினார்கள். பாதிக்கு மேல் வந்தேன், முடியவில்லை. மறுபடியும் நீட்டினார்கள். தெருவில் வந்த ஆட்டோக்கள் திரும்பி வேறு சந்து வழியாகப் போயின. ஒரு ஆட்டோக்காரர் மட்டும் வண்டியை அணைத்துவிட்டுக் கடைசிவரை நின்று வேடிக்கை பார்த்தார்.

பலகை எதிர்வீட்டு வாசலைத் தொட்டபோது நான் யார் கையும் படாமல் மேலே வந்துவிட்டேன். மூச்சு வாங்கியது, ஆனால் வந்துவிட்டேன்.

சரவணன் அந்த நீளத்துக்குக் கயிறு பிடித்தான். தெருவை அடைத்துக் கட்ட முடியாது. கயிற்றை வாசலிலிருந்து பக்கவாட்டில் திருப்பி, வீட்டுச் சுவரை ஒட்டிப் பிடித்துப் பார்த்தோம். எங்கள் எல்லையில் இருந்த குட்டைச் சுவரைத் தாண்டிப் பாதிக் கயிறு ஜெய்னம்பு அக்கா வீட்டு முன்பக்கத்தில் போய் விழுந்தது.

என் வீட்டுக்காரர் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். ஜெய்னம்பு அக்கா கையில் சல்லடையோடு கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு முருகேசன் சுருட்டுற? செவத்த இடிச்சாப் போச்சு."

"அக்கா, அது உங்க எடம்."

"என் எடம்தான். அதான் நான் சொல்றேன். தனம் என் கேட்டு வழியாப் போகட்டும், வரட்டும். எனக்கும் பேச ஆள் கெடச்ச மாதிரி இருக்கும்."

"பாய்கிட்ட ஒரு வார்த்தை..."

"அவரு கலரப் பத்தித்தான் பேசுவாரு. செவத்தப் பத்திப் பேச மாட்டாரு" என்றார் அக்கா. பிறகு விரலை நீட்டினார். "ஆனா என் மருதாணிச் செடியத் தொடக் கூடாது, சொல்லிப்புட்டேன்."

அதனால்தான் எங்கள் வீட்டுச் சரிவு நடுவில் கொஞ்சம் வளைந்து செடியைச் சுற்றிக்கொண்டு போகிறது. சுவரை இடிக்கக் கடப்பாரையின் முதல் குத்தை அக்காவையே போடச் சொன்னோம். "பிஸ்மில்லா" என்று சொல்லிப் போட்டார். இரண்டாவது குத்தை அத்தை போட்டார், அவருடைய சாமியைக் கூப்பிட்டு. இரண்டு பேர் குத்துக்கும் சுவர் அசையவில்லை. அப்புறம் பாண்டி வந்துதான் இடித்தான்.

கம்பெனியில் கழித்துப்போட்ட பைப்புகளை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து, சரவணன் கைப்பிடி வைத்துக் கொடுத்தான். சிமெண்ட் காய்வதற்குள் அக்கா வீட்டு ஆடு அதில் நடந்து தொலைத்தது. பூசிவிடவா என்றான் சரவணன். இருக்கட்டும், சக்கரம் வழுக்காது என்றேன்.

கடைக்குப் போனேன்

சிமெண்ட் நன்றாக இறுகிய ஒரு ஞாயிறு காலையில் நான் தயாரானேன். புதுச் சேலை. மடியில் சின்ன பர்ஸ். தெருமுனைக் கடைக்குப் போய் எல்லாருக்கும் கடலைமிட்டாய் வாங்கிவரப் போகிறேன் என்று அறிவித்தேன்.

"யாரும் பின்னாடி வரக் கூடாது" என்றேன்.

"வர மாட்டோம்" என்றார் என் வீட்டுக்காரர், பவ்யமாக.

"வாசல்லயும் நிக்கக் கூடாது. நீங்க பாத்துக்கிட்டே இருந்தா எனக்குக் கை நடுங்கும்."

சரி சரி என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

அத்தையின் படியின்மேல் உருண்டு வெளியே வந்தேன். சரிவில் இறங்கினேன். செடியைச் சுற்றி, அக்கா வீட்டு கேட்டைத் தாண்டி, தெருவுக்கு வந்துவிட்டேன். வெயில் மடியில் விழுந்தது. காய்கறி வண்டி போனது. ஒரு பையன் சைக்கிளில் என்னை உரசிக்கொண்டு போய், திரும்பிப் பார்த்து, "சாரிக்கா" என்றான். யாரும் என்னைத் தூக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரு முழுக்க என்னுடையது போல இருந்தது.

கடைக்காரர் மிட்டாயைக் கட்டிக் கொடுத்துவிட்டு, "தனியாவா வந்தீக?" என்று கேட்டார். "தனியாத்தான்" என்றேன். அவர் என் தலைக்கு மேலாகத் தெருவைப் பார்த்து என்னவோ சிரித்தார். எனக்காகச் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது வளைவில் தோள் வலித்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். பிறகு தள்ளினேன். நானே ஏறி, நானே உள்ளே வந்தேன்.

வீட்டில் யாரும் இல்லை. கதவு விரியத் திறந்து கிடந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. "ஏங்க... அத்தை..." என்று கூப்பிட்டுப் பார்த்தேன். 

வண்டியைத் திருப்பி வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தேன்.

எதிர்ச்சாரியில் நின்ற ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து பாண்டி வெளிப்பட்டான். அவனுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர், எதற்கென்றே தெரியாமல் வாங்கிய ஒரு கொத்தமல்லிக் கட்டோடு. பைக்கை ஸ்டார்ட் பண்ணாமல் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு சரவணன். பக்கத்துச் சந்திலிருந்து ஜெய்னம்பு அக்காவும் அத்தையும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்தார்கள். அத்தை கையில் பால் கிண்டிய கரண்டி அப்படியே இருந்தது.

"கொத்தமல்லி தீந்துபோச்சு..." என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர்.

"எனக்குக் கொஞ்சம் காத்து வாங்கணும்போல இருந்துச்சு" என்றார் அத்தை, கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

 என் முகத்தைப் பார்த்து, திட்டு விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தரும் மேலே ஏறவில்லை. சரிவுக்குக் கீழே வரிசையாக நின்றார்கள்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. விபத்துக்குப் பிறகு எத்தனையோ பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். எல்லாரும் நேரே என் கட்டிலுக்குத்தான் வந்தார்கள். ஒருத்தரைக்கூட நான் வாசலுக்கு வந்து எதிர்கொண்டு அழைத்ததில்லை. இப்போது என் ஆட்கள் எல்லாரும் வெளியே நிற்கிறார்கள். வாசலில் நான் இருக்கிறேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"வெயில்ல எதுக்கு நிக்கிறீக? வாங்க, எல்லாரும் உள்ள வாங்க."